வன்தட்டுக்குள் எத்தனை வேலி? இயங்குதளம் நிறுவும்போது இடம் பிரிப்பது பற்றி

பரந்தனில் கணிதம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியர் சென்ற மாரியில் தமது பழைய மடிக்கணினியை என்னிடம் கொண்டுவந்தார். வினாத்தாள் ஒன்றைச் சேமிக்கப் போனபோது இடம் போதாது என்று கணினி மறுத்துவிட்டதாம். திறந்து பார்த்தால் சீ, டீ, ஈ, எஃப் என்று நான்கு ட்ரைவ்கள் நின்றன. 60 ஜிபி கொண்ட சீ ட்ரைவின் பட்டை சிவந்துபோயிருந்தது. மற்ற மூன்றும் தலா 135 ஜிபி. அவற்றில் டீயில் மட்டும் 40 ஜிபி அளவுக்குப் பாடக்குறிப்புகளும் குடும்பப் படங்களும் இருந்தன. ஈயும் எஃப்பும் ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்தன.

"தம்பி, பின்னால இவ்வளவு இடம் சும்மா கிடக்கு. பிறகேன் இடமில்லை எண்டு சொல்லுது?"

"அது வேற வளவு, சேர். இடையில வேலி நிக்குது."

அந்த வேலிகளைப் பற்றியதுதான் இக்கட்டுரை. கணினியில் விண்டோஸையோ லினக்ஸையோ புதிதாக நிறுவும்போது, வன்தட்டை எத்தனை பகுதிகளாகப் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கொடுப்பது என்று ஒரு கேள்வி எழும். நிறுவல் மென்பொருள் தானாகவே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது எளிமை. பின்னால் தேவைகள் மாறும்போது கணினியும் அதற்கேற்ப வளைந்துகொடுக்க வேண்டும் என்று எண்ணி, பிரிப்பை நாமே திட்டமிடுவது நெகிழ்வு. இரண்டும் எதிரெதிர்த் திசைகள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். எனது அனுபவத்தில், பழகாத கையால் போடப்பட்ட கூடுதல் வேலிகள் நெகிழ்வைக் கூட்டியதை விடக் குறைத்ததே அதிகம். எங்கள் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று அழைப்பதை இங்கே இயங்குதளம் என்றே எழுதுகிறேன். பார்ட்டிஷன் என்பதைப் பகுதி என்கிறேன்.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆசிரியரின் வன்தட்டில் 500 ஜிபி என்று ஒட்டியிருந்தது. நான்கு ட்ரைவ்களையும் கூட்டினால் 465 ஜிபிதான் வரும். யாரும் எதையும் திருடவில்லை. வன்தட்டு செய்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் அதை 1024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. அதனால் 240 என்று விற்கப்படும் எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத புதிய வகை வட்டு) 223 என்றும், 480 என்பது 447 என்றும் திரையில் தோன்றும்.

பகுதி என்பது வன்தட்டில் இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை என்று குறிக்கப்பட்ட ஒரு தொடர்ச்சியான துண்டு. காணிக்கு உறுதி இருப்பது போல, வன்தட்டின் தொடக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும். எந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். துண்டுக்குள்ளே கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒழுங்குக்குக் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸ் என்டிஎஃப்எஸ் என்பதைப் பயன்படுத்துகிறது. லினக்ஸில் எக்ஸ்ட்4 பரவலானது. ஒரு துண்டுக்குள் இருக்கும் வெற்றிடம் அந்தத் துண்டுக்கே சொந்தம். சீ நிரம்பி வழிந்தாலும் எஃப்பில் உள்ள 135 ஜிபி அதற்கு உதவாது.

சில வேலிகளைத் தவிர்க்கவே முடியாது. இன்றைய கணினிகளில் மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள யூஈஎஃப்ஐ என்னும் மென்பொருள். அதற்கு என்டிஎஃப்எஸோ எக்ஸ்ட்4-ஓ தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. நிச்சயமாகத் தெரிந்தது ஃபேட் என்னும் பழைய எளிய ஒழுங்கு மட்டுமே. எனவே இயங்குதளத்தை எழுப்பிவிடும் சிறு நிரல், ஃபேட்32 முறையில் அமைந்த ஒரு தனித் துண்டில் இருக்க வேண்டும். விண்டோஸ் நிறுவும்போது சுமார் 100 எம்பி அளவில் எழுத்துப் பெயரின்றி உருவாகும் துண்டு அதுதான். "இது என்ன குட்டித் துண்டு, அழித்துவிடலாம்" என்று துடைத்தெறிந்துவிட்டு, பிறகு கணினி எழும்பவில்லை என்று வருபவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். அதனருகே 16 எம்பியில் ஒரு ஒதுக்கீட்டுத் துண்டும், சீக்குப் பின்னால் மீட்புக்கான ஒரு துண்டும் இருக்கும். இவற்றைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.

இதற்கு மேல் நாமாகப் போடும் வேலிகளுக்கு ஒரு காரணம் வேண்டும். நான்கு ட்ரைவ் போட்டுத் தருவது ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிட்டத்தட்ட மரியாதைக்குரிய வழக்கமாகவே இருந்தது. பாடல்களுக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று வாடிக்கையாளர் மகிழ்ந்தார். ஆனால் அந்த வேலைக்குக் கோப்புறை போதும். கோப்புறை வளரும், சுருங்கும்; அதற்கு முன்கூட்டியே அளவு சொல்ல வேண்டியதில்லை. பகுதிக்கு அளவு சொல்ல வேண்டும், அதுவும் அந்தக் கணினியை எதற்கெல்லாம் பயன்படுத்தப்போகிறோம் என்பது மிகக் குறைவாகத் தெரிந்த நாளில், அதாவது வாங்கிய நாளில், சொல்ல வேண்டும்.

அளவை முன்கூட்டிக் கணிப்பது கடினம் என்பதற்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனமே சாட்சி. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு அது வெளியிட்ட ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு, மீட்புத் துண்டில் 250 எம்பி வெற்றிடம் இல்லாத கணினிகளில் ஏற மறுத்தது. சீயில் எத்தனை ஜிபி மிச்சமிருந்தாலும் பயனில்லை. தன்னுடைய இயங்குதளத்துக்குத் தானே போட்ட வேலி சில ஆண்டுகளில் ஒடுங்கிப்போய்விட, மீட்புத் துண்டை எப்படிப் பெரிதாக்குவது என்று பயனர்களுக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுத வேண்டியதாயிற்று.

அப்படியானால் வேலியே வேண்டாமா என்றால், வேண்டும். வயலில் வரம்பு ஏன் கட்டுகிறோம்? ஒரு பாத்தியில் நீர் பெருகினால் அடுத்ததை மூழ்கடிக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம். எந்நேரமும் இயங்கும் ஒரு சேவையகத்தில் பதிவுக் குறிப்புகள் கட்டுமீறி வளர்ந்து வன்தட்டை நிரப்பிவிட்டால், இயங்குதளமே திணறி நின்றுபோகும். அக்குறிப்புகளுக்குத் தனித் துண்டு இருந்தால் அந்தத் துண்டு மட்டும் நிரம்பும். பாடசாலைக் கணினி அறைக்குச் சேவையகம் அமைப்பவர் இதை யோசிக்கத்தான் வேண்டும். வீட்டு மடிக்கணினிக்கு இந்தக் காரணம் பெரும்பாலும் பொருந்தாது.

வீட்டுக்குப் பொருந்தும் காரணம் வேறு. இயங்குதளத்தின் ஆயுளும் நமது கோப்புகளின் ஆயுளும் ஒன்றல்ல. விண்டோஸை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழித்துப் போடுவோம். பிள்ளை முதன்முதலில் பாடசாலைக்குப் போன நாள் எடுத்த படத்தை அழிக்க மாட்டோம். அழியப்போவது ஒரு துண்டிலும் நிலைக்கப்போவது இன்னொரு துண்டிலும் இருந்தால், மீண்டும் நிறுவும் நாளில் கை நடுங்காது. லினக்ஸில் இதற்கென்றே ஹோம் என்னும் கோப்புறை உண்டு; பயனரின் கோப்புகளும் அவருடைய அமைப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன. அதைத் தனிப் பகுதியாக வைத்திருந்தால், மீண்டும் நிறுவும்போது அந்தப் பகுதிக்கு எதிரே ஃபோர்மட் என்ற பெட்டியில் குறி விழாமல் பார்த்துக்கொண்டு, பழைய பயனர் பெயரையே திரும்பக் கொடுத்தால், மேசைத் திரையின் படம் முதற்கொண்டு பழையபடியே வந்துவிடும். பழைய அமைப்புகளோடு பழைய கோளாறுகளும் சில வேளை கூடவே வரும். அதையும் சொல்ல வேண்டும்.

விண்டோஸில் இதே பயனை ஒரேயொரு டீ தரும். ஆனால் அதைப் பற்றி இங்கே ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. மென்பொருள்களை டீயில் நிறுவினால் விண்டோஸை மாற்றினாலும் அவை அப்படியே இயங்கும் என்கிறார்கள். இயங்குவது அரிது. பெரும்பாலான மென்பொருள்கள் தம்மைப் பற்றிய பதிவுகளை விண்டோஸின் பதிவேட்டிலும் சீயில் உள்ள வேறு கோப்புறைகளிலும் எழுதிவைக்கின்றன. சீ போனால் அவையும் போய்விடும். டீயில் தப்புவது ஆவணங்களும் படங்களும்தான். ஆனால் அவை டீக்குப் போவதும் தானாக நடப்பதில்லை. ஆவணக் கோப்புறையின் இருப்பிடத்தை அதன் பண்புகள் சாளரத்தில் டீக்கு மாற்றிவிட வேண்டும். ஆசிரியரின் கணினியில் டீ இருந்தும் வினாத்தாள் சீக்குள்ளேயே போய் முட்டியது இதனால்தான்.

இன்னொரு நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. டீயில் ஒரு பிரதி இருக்கிறது, ஆகவே பாதுகாப்பு என்று நினைப்பது அது. சீயும் டீயும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஒரே வன்தட்டு. அது பழுதானால் எல்லா வேலிகளும் சேர்ந்தே விழும். பிரதி என்றால் அது வேறொரு சாதனத்தில், முடிந்தால் வேறொரு வீட்டில் இருக்க வேண்டும்.

இனி ஆசிரியரின் கணினிக்குத் திரும்புவோம். வேலியை நகர்த்துவது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு அது நல்ல உதாரணம். டீயில் இருந்த 40 ஜிபியை ஈக்கு மாற்றிவிட்டு, டீயை அழித்து, அந்த 135 ஜிபியைச் சீயோடு சேர்த்துவிடலாம் என்பதுதான் எவருக்கும் தோன்றும் வழி. கோப்புகளை முதலில் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்தேன். பிறகு ஈக்கு நகர்த்தி, டீயை அழித்தேன். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சீயின் மேல் வலது சொடுக்கினால், விரிவாக்கும் கட்டளை மங்கிப்போய்க் கிடந்தது.

காரணம் அட்டவணையின் வகை. அது எம்பிஆர் என்னும் பழைய வகை அட்டவணை. 1983-இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. வன்தட்டின் முதல் 512 பைட்டுக்குள் அடங்கவேண்டியிருந்ததால் அதில் நான்கு வரிகளுக்குத்தான் இடம் வைத்தார்கள். நான்குக்கு மேல் பகுதி வேண்டுமானால், ஒரு வரியை நீட்டித்த பகுதி என்னும் பெரிய அடைப்பாக அறிவித்து, அதற்குள்ளே உட்பிரிவுகள் போட வேண்டும். ஆசிரியரின் டீ, ஈ, எஃப் மூன்றும் அப்படியான ஓர் அடைப்புக்குள் இருந்தன. டீயை அழித்ததும் கிடைத்த வெற்றிடம் அடைப்புக்கு உள்ளேதான் இருந்தது. சீயோ அடைப்புக்கு வெளியே நின்றது. இரண்டுக்கும் நடுவே அடைப்பின் வேலி.

இப்போது வரும் கணினிகளில் ஜிபிடி என்னும் புதிய அட்டவணை இருக்கிறது. அதில் வழக்கமாக 128 வரிகளுக்கு இடம் உண்டு. அடைப்பு என்ற சங்கடமே இல்லை. அட்டவணையின் பிரதி ஒன்று வன்தட்டின் கடைசியிலும் எழுதப்படுவதால், ஒன்று கெட்டாலும் மற்றதிலிருந்து மீட்டெடுக்க வழியுண்டு. வழக்கமான வன்தட்டுகளில் எம்பிஆரால் 2 டிபிக்கு மேற்பட்ட இடத்தைக் கையாளவும் முடியாது. புதிதாக நிறுவுபவர் ஜிபிடியைத் தெரிவுசெய்ய வேண்டும். மிகப் பழைய தாய்ப்பலகை மறுத்தால் மட்டும் எம்பிஆர் பக்கம் போகலாம். இதில் தயங்க ஒன்றுமில்லை.

எங்கள் ஊரில் வேலி அரக்குதல் என்றால் என்னவென்று எவருக்கும் விளக்கத் தேவையில்லை; எல்லை வேலியை மெல்ல அடுத்த வளவுக்குள் நகர்த்துவதுதான் அது. வன்தட்டிலும் வேலியை அரக்கலாம். ஆனால் எந்தப் பக்கத்து வேலியை அரக்குகிறோம் என்பதைப் பொறுத்து அதன் சிரமம் மாறும். ஒரு பகுதியின் பின் எல்லையை, அடுத்துள்ள வெற்றிடத்துக்குள் நீட்டுவது சுலபம்; அட்டவணையில் ஓர் எண் மாறும், கோப்பு முறைமை விரியும், சில விநாடிகளில் முடிந்துவிடும். பகுதியின் முன் எல்லையை நகர்த்துவது அப்படியல்ல. கோப்பு முறைமை தன் தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் எண்ணுவதால், உள்ளே இருக்கும் தரவு முழுவதையும் புதிய இடத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். 100 ஜிபி தரவு இருந்தால் 100 ஜிபியும் நகர வேண்டும். பழைய சுழல் வன்தட்டில் அது மணிக்கணக்கில் ஓடும்; இடையில் மின்சாரம் நின்றால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாகக் கிடக்கும். 2022 மார்ச்சில் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்த நாட்களில் இப்படியான வேலை எதையும் நான் கையில் எடுக்கவில்லை.

ஆசிரியரின் கணினியில் நல்லவேளையாக அடைப்பின் முன்பகுதி வெறுமையாக இருந்தது. ஜிபார்ட்டெட் என்னும் இலவச மென்பொருளைப் பென்ட்ரைவிலிருந்து எழுப்பி, அடைப்பின் முன் வேலியை மட்டும் உள்ளே தள்ளினேன், ஈயைத் தொடவில்லை. மடிக்கணினியின் பற்றரி செத்திருந்ததால் யூபிஎஸ் ஒன்றில் செருகிவிட்டுத்தான் தொடங்கினேன். சீ 195 ஜிபி ஆனது. கடைசியில் எனக்கான பாடமும் இதுதான்: பின்னால் விரியக்கூடிய பகுதிக்குப் பின்புறத்தில் வெற்றிடம் இருக்கும்படி முதலிலேயே அமைத்திருந்தால், இத்தனை வேலைக்கும் ஐந்து நிமிடம் போதும்.

வெற்றிடம் விடுவதென்றால் பலருக்கும் மனம் வராது. ஆனால் 447 ஜிபியில் 100 ஜிபியை எந்தப் பகுதிக்கும் கொடுக்காமல் இறுதியில் விட்டுவைப்பது, தீர்மானத்தைத் தள்ளிவைப்பதற்குக் கொடுக்கும் மலிவான விலை. பகுதிகளைச் சுருக்குவது கடினம்; விரிப்பது சுலபம். விண்டோஸில் சுருக்கப்போனால், நகர்த்த முடியாத கோப்பு ஏதாவது நடுவில் அமர்ந்துகொண்டு, பாதி இடம் வெறுமையாக இருந்தும் சில ஜிபிக்கு மேல் விட்டுத்தராது. லினக்ஸில் எக்ஸ்ட்4 பகுதி இயங்கிக்கொண்டிருக்கும்போதே விரியும். சுருக்க வேண்டுமானால் அதைப் பயன்பாட்டிலிருந்து கழற்றிவிட்டுத்தான் சுருக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையைச் சுருக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

லினக்ஸில் இந்தச் சிக்கலை வேரிலேயே தீர்க்க முனைந்த இரண்டு வழிகள் உண்டு. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளம் கட்டிய நாளில் எவரும் எழுதிவைக்கவில்லை. அந்தந்த ஆண்டு குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்து, கூட்டம் கூடித் தீர்மானிக்கிறார்கள். எல்விஎம் என்பதும் அதே யோசனை. வன்தட்டு முழுவதையும் ஒரு குளமாக்கி, அதிலிருந்து இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதிக்கு 40, ஹோமுக்கு 100 என்று இன்றைய தேவைக்கு மட்டும் திறந்துவிட்டு, மிச்சத்தைக் குளத்திலேயே வைத்திருக்கலாம். நாளைக்கு ஹோம் நிரம்பினால் ஓரிரு கட்டளைகளில் இன்னும் 50 கொடுக்கலாம். துண்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இரண்டாவது வன்தட்டைப் பூட்டினால் அதையும் குளத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பிடிஆர்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் ரூட்டும் ஹோமும் துணைத்தொகுதிகள் என்ற பெயரில் தனித்தனியாகவே இருக்கும். ஆனால் எதற்கும் அளவு கிடையாது, இரண்டும் ஒரே வெற்றிடத்திலிருந்து குடிக்கின்றன. பெடோரா என்னும் லினக்ஸ் வகை தனது மேசைக் கணினிப் பதிப்புகளில் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து இதையே இயல்பாகப் போடுகிறது. பயனர் எதையும் பிரிக்காமல், முழு வட்டையும் கொடுத்துவிட்டாலே போதும். எளிமையும் நெகிழ்வும் ஒரே சொடுக்கில் கிடைக்கும் இடம் என்று நான் கருதுவது இதைத்தான்.

விலை இல்லாமல் இல்லை. எல்விஎம் குளத்தை இரண்டு வன்தட்டுகளில் பரப்பிவைத்திருக்கும்போது ஒன்று பழுதானால், இரண்டிலும் பரந்திருந்த பகுதி முழுவதும் கைவிட்டுப் போகக்கூடும். பிடிஆர்எஃப்எஸில் கோப்புகளின் பழைய நிலைகளை ஸ்னப்ஷொட்டாகப் பிடித்து வைத்திருந்தால், கோப்பை அழித்தாலும் இடம் திரும்பி வராது. ஏன் வரவில்லை என்று புதியவர் தலையைச் சொறிவார். எதுவாயினும் பழுது வந்த நாளில் அதைத் திருத்தத் தெரிந்தவர் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பதையும் யோசிக்க வேண்டும். சாதாரணமான ஒரு எக்ஸ்ட்4 பகுதியிலிருந்து தரவை மீட்கப் பலருக்குத் தெரியும். எல்விஎம்மின் மேல் மறைக்குறியாக்கமும் போட்ட வட்டை எடுத்துப் போனால் நிலைமை வேறு.

2025 ஒக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு முடிந்ததால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகளில் லினக்ஸைப் பக்கத்தில் போட்டுத்தரச் சொல்லிக் கேட்கும் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வட்டில் வைப்பவர்கள் விண்டோஸை முதலில் நிறுவ வேண்டும். அதன் பகுதியை விண்டோஸுக்குள்ளிருந்தே சுருக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் வசதியை அணைத்துவிட வேண்டும். அது இயங்கினால், மூடிய விண்டோஸ் உண்மையில் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸ் அப்பகுதியில் எழுதப்போனால் மறுக்கப்படும், அல்லது கோப்புகள் கெடும். வட்டை மறைக்குறியாக்கிப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்ட கணினியென்றால், மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிவைக்காமல் எதையும் தொடக் கூடாது. நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வொப்புக்கென்று தனிப் பகுதி போடும் பழைய வழக்கம் இனி அவசியமில்லை. உபுண்டு என்னும் லினக்ஸ் வகை 2017-இலிருந்தே அதைக் கோப்பாக வைத்துக்கொள்கிறது.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது வட்டின் அளவைப் பொறுத்தது. 240 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் மட்டும் என்றால் ஒரே சீ போதும். பிரிக்க அங்கே இடமில்லை. அதே வட்டில் லினக்ஸ் மட்டும் என்றாலும் ஒரே பகுதிதான் என் தெரிவு. டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் நிறுவல் மென்பொருளும் புதியவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறது. 480-ஐத் தாண்டினால் ஹோமையோ டீயையோ பிரிப்பதில் பொருள் உண்டு. ரூட்டுக்கு 50 ஜிபிக்குக் குறையாமலும், சீக்கு 150 ஜிபிக்குக் குறையாமலும் கொடுப்பேன். இறுதியில் கொஞ்சம் வெற்றிடம் விடுவேன்.

நிறுவும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு, வெளி வன்தட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். விண்டோஸின் நிறுவல் திரையில் வட்டுகள் பெயரின்றி, டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று எண்களாகவே நிற்கும். எந்த எண் எந்த வட்டு என்பதை அளவைப் பார்த்துத்தான் அறியலாம். 447 நிற்கவேண்டிய இடத்தில் 931 நின்றால், அது நீங்கள் பிரதி எடுத்துவைத்த ஒரு டிபி வட்டு.